நான் போகாத ஊரில் ஹெல்மெட் அபராதம்: கட்டிவிடலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?

குரோம்பேட்டைக்காரன்
18 பிப்ரவரி 2024, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன நவம்பர் 7-ஆம் தேதி ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. என் ஸ்கூட்டரின் எண்ணைப் போட்டு, 6-ஆம் தேதி காலை 7:12-க்கு ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாக 1000 ரூபாய் சலான். இடம், இங்கிருந்து தெற்கே முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர். ஊர் பெயர் இப்போதைக்கு வேண்டாம். அந்த ஊரில் நான் காலே வைத்ததில்லை. ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு முதல் ஷிஃப்ட். காலை 6:48-க்கு கம்பெனியில் பயோமெட்ரிக்கில் விரல் வைத்திருக்கிறேன். ஸ்கூட்டர் கம்பெனி ஷெட்டில் நின்றது.

பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் சலான் எண்ணைப் போட்டு போட்டோவை இறக்கிப் பார்த்தேன். அதில் இருப்பது கியர் பைக். பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன், நடுவில் ஒரு கோணிப்பை. கேனைக் கட்டிய கயிறு நம்பர் பிளேட்டின் மேல் தொங்குகிறது. அதன் முடிச்சு சரியாகக் கடைசி எண்ணின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அது 0. முடிச்சோடு சேர்த்துப் பார்த்தால் 8. என் வண்டி 8-இல் முடிகிறது.

அதே தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதியில் ஆர்.சி., என் ஸ்கூட்டர் போட்டோ எல்லாம் ஏற்றிப் புகார் போட்டேன். பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். பிறகு வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன். இந்த வாரம் வேறொரு எஸ்.எம்.எஸ். சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதாம். உள்ளே போனால் இரண்டு பொத்தான்: முன்மொழிந்த அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன்.

"ஆயிரம் ரூபாயை விட்டுத் தொலைங்க" என்கிறாள் வீட்டுக்காரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. யாராவது உண்மையிலேயே கோர்ட்டுக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஓசூர் மணி
18 பிப்ரவரி 2024, இரவு 10:20

ஆயிரத்துக்கா இவ்வளவு யோசனை? ஒரு நாள் லீவு போட்டாலே அதற்கு மேல் போய்விடும். கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இல்லையென்றால் பேசாமல் விட்டுவையுங்கள். போன வருடம் பிப்ரவரியில் கர்நாடகாவில் பழைய சலானுக்கு எல்லாம் பாதி தள்ளுபடி கொடுத்தார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் எங்கள் ஊர்ப் பையன்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். தெலுங்கானாவில் அதைவிடத் தாராளம், டூவீலருக்கு முக்கால்வாசி தள்ளுபடியெல்லாம் நடந்தது.

சைதை சம்பத்
18 பிப்ரவரி 2024, இரவு 10:41

மணி அண்ணே, அது அந்தந்த மாநிலப் போலீஸ் போட்ட சலானுக்கு. இங்கே அந்தத் தள்ளுபடி கிடையாது.

குரோம்பேட்டை, ஒரு சந்தேகம். அந்த எஸ்.எம்.எஸ். உண்மையானதுதானா? இப்போது வாட்ஸ்அப்பில் சலான் என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல் (தொட்டால் போனில் ஆப் ஏற்றிவிடும்) சுற்றுகிறது. என் மச்சான் அதைத் தொட்டு, கணக்கிலிருந்து 14 ஆயிரம் போச்சு. லிங்கைத் தொடாதீர்கள். நீங்களே பிரவுசரில் தளத்தைத் திறந்து எண்ணைப் போடுங்கள். முகவரி ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என். என்று முடிய வேண்டும்.

குரோம்பேட்டைக்காரன்
18 பிப்ரவரி 2024, இரவு 10:55

அப்படித்தான் பார்த்தேன் அண்ணா. உண்மையான சலான்தான். பொய்யாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கருப்புக் கோட்டு
19 பிப்ரவரி 2024, காலை 7:05

தொழில்முறையில் வக்கீல். மோட்டார் வழக்கு என் முக்கிய வேலை இல்லை, ஆனால் மாதம் நாலைந்து வந்துவிடும். சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

முதல் விஷயம். "கட்டிவிடு" என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் பொத்தானை அழுத்தினால் அதற்குப் பெயர் குற்றத்தை ஒப்புக்கொள்வது. கரண்ட் பில் கட்டுவது மாதிரி அல்ல. ஹெல்மெட் வழக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு அது. அதில் ஆயிரம் ரூபாயோடு சேர்த்து மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் எழுதியிருக்கிறது. நம் ஊரில் ஹெல்மெட்டுக்கு நூறு ரூபாய் என்று இருந்த காலத்தின் பழக்கத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். புது அபராதம் இங்கே வந்த 2022 அக்டோபருக்குப் பிறகு கணக்கே வேறு.

இன்னொன்று. 194டி-யில் தொகை "ஆயிரம் ரூபாய்" என்று நேராக இருக்கிறது. நோ பார்க்கிங் மாதிரி 177-இல் வருகிற வழக்குகளில் "ஐந்நூறு வரை" என்றுதான் இருக்கும். அங்கே நீதிபதி நினைத்தால் குறைக்கலாம். ஹெல்மெட்டில் குறைத்துக் கேட்டு வாதாட இடமில்லை. செய்தேன், செய்யவில்லை, இரண்டில் ஒன்றுதான்.

உங்கள் வழக்கில் செய்யவில்லை என்பது போட்டோவிலேயே இருக்கிறது. எதிர்க்கலாம். ஆனால் எங்கே எதிர்ப்பது என்பதுதான் சிக்கல். எதிர்க்கிறேன் என்று அழுத்தியதும் விர்ச்சுவல் கோர்ட் வழக்கைச் சாதாரண நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். குற்றம் நடந்ததாகச் சொல்லும் ஊர் எந்த மாஜிஸ்திரேட்டின் எல்லையோ, அங்கே. குரோம்பேட்டையில் இருந்துகொண்டு தாம்பரத்தில் நடத்தச் சொல்லிக் கேட்க முடியாது.

குரோம்பேட்டைக்காரன்
19 பிப்ரவரி 2024, காலை 7:40

சார், ரொம்ப நன்றி. அப்படியானால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னூறு கிலோமீட்டர் போய் வர வேண்டுமா? இன்னொரு கேள்வி. ஹெல்மெட் கேஸுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நவம்பரில் நடந்தது, மே மாதம் வரை இழுத்தால் தானாகச் செத்துவிடுமா?

கருப்புக் கோட்டு
19 பிப்ரவரி 2024, இரவு 8:30

வீடியோக்காரர்கள் பாதியைச் சொல்வார்கள், மீதிக்கு எங்களிடம் வருவீர்கள். பரவாயில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் காலவரம்பு ஆறு மாதம். அது சரிதான். ஆனால் அந்த ஆறு மாதம் வழக்கு முடிவதற்கு அல்ல, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதற்கு. அதிலும் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது: வழக்கு தாக்கலான நாள்தான் கணக்கு, நீதிபதி அதைக் கையில் எடுத்த நாள் அல்ல. உங்கள் சலான் பிப்ரவரியிலேயே விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. மே வரை நீங்கள் இழுத்தாலும், அடுத்த தீபாவளி வரை இழுத்தாலும் அது சாகாது.

வாய்தா விஷயத்தில் நல்ல செய்தி. மோட்டார் வாகனச் சட்டம் 208-ஐப் படியுங்கள். அபராதம் மட்டுமே உள்ள வழக்கில், நேரிலோ வக்கீல் மூலமோ வரலாம் என்று சம்மனிலேயே எழுதியாக வேண்டும். அந்த ஊரில் ஒரு வக்கீலுக்கு வக்காலத்து கொடுத்தால் போதும். ஆனால் என் யோசனை, முதல் வாய்தாவுக்கு நீங்களே போங்கள். போட்டோவையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சைதை சம்பத்
19 பிப்ரவரி 2024, இரவு 9:02

சார், இடையில் என் கேள்வி. என் பழைய பைக்கில் 2019 சலான் ஒன்று இன்னும் பெண்டிங் என்று காட்டுகிறது. கோர்ட்டுக்கே போகவில்லை. அப்படியானால் அது செத்த சலானா?

கருப்புக் கோட்டு
19 பிப்ரவரி 2024, இரவு 9:15

வழக்காக அதைக் கொண்டுவருவது இனி கஷ்டம். தாமதத்துக்குக் காரணம் காட்டி அதே நடைமுறைச் சட்டத்தின் 473-இல் அனுமதி வாங்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு யார் அதைச் செய்வார்கள்? ஆனால் கம்ப்யூட்டருக்கு 468 தெரியாது. வண்டியை விற்கப் போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெண்டிங் என்று நிறுத்துவார்கள். அப்போது கட்டுவீர்கள். சட்டப்படி செத்தது, ஆபீஸில் உயிரோடு இருக்கும்.

வெள்ளைச்சட்டை ரிட்டயர்டு
20 பிப்ரவரி 2024, மதியம் 3:18

டிராஃபிக்கில் பல வருடம் வேலை பார்த்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். தம்பி போட்டோவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலை ஏழு மணி, பால் வண்டி, ஸ்கூல் வேன், மார்க்கெட் கூட்டம். ஓடுகிற வண்டியை மறிக்க முடியாது. மறித்து அவன் விழுந்தால் அது வேறு கேஸ். அதனால் பின்னாலிருந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எண்ணை அடித்ததும் ஓனர் பெயர், வண்டி மாடல் எல்லாம் திரையில் வரும். ஸ்கூட்டர் என்று வந்திருக்கும். போட்டோவில் பைக். பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பார்த்திருக்க மாட்டார். வெயிலில் நின்றுகொண்டு இருபதாவது சலான் போடும்போது கண் எண்ணை மட்டும்தான் பார்க்கும். நானும் அப்படிப் போட்டிருப்பேன், யார் கண்டது. எங்கள் காலத்தில் ரசீது புத்தகம், ஆள் எதிரில் நிற்பான், தப்பென்றால் அங்கேயே சண்டை போடுவான். இப்போது சண்டை போட ஆளே எதிரில் இல்லை.

ஒன்று சொல்கிறேன். கோர்ட்டுக்குப் போகும் முன் அந்த ஊர் டிராஃபிக் இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு போடுங்கள். ஒப்புகை அட்டையோடு. ஆன்லைன் புகாரை யாரும் திறக்காமல் இருக்கலாம். தபால் வந்தால் ஆபீஸ் தபால் பதிவேட்டில் ஏறும், யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டாலும் அந்த அட்டை கோர்ட்டில் பேசும்.

குரோம்பேட்டைக்காரன்
20 பிப்ரவரி 2024, மாலை 6:44

ஐயா, இன்றைக்கே தபால் போடுகிறேன். கோபத்தில் இருந்தேன், நீங்கள் எழுதியதைப் படித்ததும் பாதி இறங்கிவிட்டது.

கோவை மீனா
21 பிப்ரவரி 2024, காலை 11:10

நான் போய் வந்தவள். என் அனுபவம் உதவுமா பாருங்கள்.

2023-இல் ஒரு கிளினிக் வாசலில் காரை நிறுத்தினேன். நோ பார்க்கிங், 500. போர்டு எதுவும் இல்லை என்று அன்றைக்கே தெருவின் இரண்டு பக்கமும் நடந்து போட்டோ எடுத்துவைத்தேன். கோர்ட்டில் எதிர்த்தேன். எனக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டு, ரசீது வாங்கிக்கொண்டு போனார்கள். என்னிடம் கேட்டபோது "இல்லைங்க ஐயா, ஒப்புக்கலை" என்றேன். பெஞ்ச் கிளார்க் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையைக் கேட்டு நாளாகியிருக்கும் போல.

மூன்று வாய்தா. கடைசியில், போர்டு நூறடி தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் இருப்பது தெரிந்தது. சத்தியமாக நான் பார்க்கவில்லை. போர்டு இருக்கிறது, ஆனால் தெரிகிற மாதிரி இல்லை என்று நீதிபதியே சொல்லி 200 ரூபாயாகக் குறைத்தார். ஜெயித்தேனா தோற்றேனா, இன்றுவரை தெரியவில்லை. என் கணவர் தோற்றாய் என்கிறார். நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு டிப்ஸ்: சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது, கேன்டீனுக்குப் போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நெல்லை பாலா
21 பிப்ரவரி 2024, இரவு 9:33

எல்லாரும் உற்சாகப்படுத்துகிறீர்கள், தோற்றவன் கதையையும் கேளுங்கள்.

சிக்னல் தாண்டிய கேஸ். மஞ்சளில்தான் தாண்டினேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். கோர்ட்டுக்குப் போனேன். அவர்கள் வீடியோவைப் போட்டார்கள். சிவப்பு விழுந்து, பக்கத்தில் ஆட்டோ நின்று, ஒரு அம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி, அதற்கு அப்புறம்தான் நான் வருகிறேன். நானே பார்த்து வாயடைத்துப்போனேன். மஞ்சள் என்று நான் நினைத்தது என் ஞாபகம் செய்த வேலை. 500 கட்டினேன். அதற்கு முன் வக்கீலுக்கு 2000.

அதனால் கோபம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், போட்டோ என்ன சொல்கிறது என்று பாருங்கள். குரோம்பேட்டைக்கு போட்டோ கைகொடுக்கிறது. அவர் போகலாம்.

பூந்தமல்லி ஜான்
22 பிப்ரவரி 2024, காலை 8:12

வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. போலீஸ்காரர் சொந்தப் போனில் எடுத்த போட்டோ செல்லாது என்கிறார்களே, உண்மையா?

கருப்புக் கோட்டு
22 பிப்ரவரி 2024, இரவு 10:04

நல்ல கேள்வி. ஒற்றை வரியில் பதில் கிடையாது.

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்த்தார்கள். கேமரா மூலம் போடும் சலானுக்கான விதி. வேகக் கேமரா, சிசிடிவி, ஸ்பீட் கன், உடலில் மாட்டும் கேமரா, டாஷ்போர்டு கேமரா, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா என்று பட்டியல் இருக்கிறது. கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் சான்றிதழ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சம்பவம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸோடு நம்பர் பிளேட்டும் குற்றமும் தெளிவாகத் தெரியும் படம், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவு என்ற விவரம், மின்னணுச் சாட்சியத்துக்கான 65பி சான்றிதழ், இத்தனையும் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் செல்போன் என்ற வார்த்தை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடியோக்காரர்கள் செல்லாது, செல்லாது என்று கத்துகிறார்கள். ஆனால் பட்டியலின் கடைசியில், மாநில அரசு குறிப்பிடும் வேறு தொழில்நுட்பம் என்று ஒரு வால் இருக்கிறது. எதிர்த்தரப்பு அந்த வாலைப் பிடிக்கும். இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. ஆயிரம் ரூபாய் வழக்கில் அதைப் பேசி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைக்கு நான் சொல்வது, இந்தச் சட்டநுணுக்கம் எதையும் முதல் நாளில் எடுக்காதீர்கள். பதினைந்து நாள் விஷயமும் உங்களுக்கு உதவாது, மறுநாளே எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. "இது என் வண்டி இல்லை." மூன்று வார்த்தை சொன்னாலே தாராளம். கையில் இருக்கும் நல்ல சீட்டை விட்டுவிட்டுச் சின்னச் சீட்டை இறக்கக் கூடாது.

ஓசூர் மணி
22 பிப்ரவரி 2024, இரவு 10:31

சார் சொன்னது நாலு வார்த்தை.

கருப்புக் கோட்டு
22 பிப்ரவரி 2024, இரவு 10:33

ஒப்புக்கொள்கிறேன்.

குரோம்பேட்டைக்காரன்
25 பிப்ரவரி 2024, காலை 10:15

எதிர்க்கிறேன் பொத்தானை அழுத்திவிட்டேன். போனுக்கு ஓ.டி.பி. வந்தது, போட்டேன், முடிந்தது. இரண்டு நிமிஷம். இத்தனை நாள் யோசித்ததற்கு இவ்வளவுதானா என்று இருந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கோவை மீனா
25 பிப்ரவரி 2024, காலை 10:50

சொல்லிவிடுங்கள். சம்மன் வீட்டுக்கு வரும்போது நீங்கள் ஷிஃப்டில் இருப்பீர்கள்.

குரோம்பேட்டைக்காரன்
16 ஜூன் 2024, இரவு 8:20

மன்னிக்கவும், இழையை அப்படியே விட்டுவிட்டேன். மீனா அக்கா சொன்ன மாதிரியே ஆனது. சம்மன் வந்தபோது நான் ஷிஃப்டில். வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை முதல் வாய்தா. வியாழன் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை அந்த ஊரில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, டீ குடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரில் வரிசையாகப் பால் வண்டிகள். எல்லாம் அதே மாதிரி கேன், அதே மாதிரி கயிறு. என்னை அறியாமல் ஒவ்வொரு நம்பர் பிளேட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பால்காரர் "என்ன தம்பி, பால் வேணுமா" என்று கேட்டதும் நகர்ந்துவிட்டேன்.

கோர்ட் பழைய ஓட்டுக் கட்டடம். பத்தரைக்கு டவாலி கூப்பிட ஆரம்பித்தார். முதலில் சின்னச் சின்ன கேஸ்கள். குடித்துவிட்டுச் சத்தம் போட்டவர்கள், சீட்டாடியவர்கள். எல்லாருக்கும் அரை நிமிஷம். என் பெயரை மட்டும் அவர் வேறு மாதிரி வாசித்ததால் நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டதும்தான் ஓடினேன்.

நீதிபதி ஒரு அம்மா. குற்றச்சாட்டை வாசித்துவிட்டு ஒப்புக்கொள்கிறீர்களா என்றார். "இல்லை அம்மா. அது என் வண்டி இல்லை." ஆர்.சி., என் ஸ்கூட்டரின் நாலு பக்கப் போட்டோ, சலான் போட்டோவைப் பெரிதாக்கிய பிரின்ட், பயோமெட்ரிக் பதிவுக்கு எச்.ஆர். கொடுத்த கடிதம், ரிட்டயர்டு ஐயா சொன்ன பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, எல்லாவற்றையும் நீட்டினேன். பிரின்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். மறுபடி பிரின்டைப் பார்த்தார். "இதில் எங்கே இருக்கிறது ஸ்கூட்டர்?" என்று கோர்ட் போலீஸைக் கேட்டார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சலான் போட்ட அதிகாரியிடம் அறிக்கை வாங்கித் தாக்கல் செய்யச் சொல்லி ஜூலை 12-க்குத் தள்ளிவைத்திருக்கிறார். அங்கேயே ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்து கொடுத்துவிட்டேன். அடுத்த முறை நான் போக வேண்டியதில்லை என்கிறார். சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தேன் அக்கா. ஆனால் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. பஸ்ஸில் சாப்பிட்டேன்.

பூந்தமல்லி ஜான்
16 ஜூன் 2024, இரவு 9:05

ஜூலை 1-இலிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வருகிறதே, கேஸை முதலிலிருந்து ஆரம்பிப்பார்களா?

கருப்புக் கோட்டு
16 ஜூன் 2024, இரவு 9:48

இல்லை. ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் வழக்கு பழைய நடைமுறைச் சட்டப்படியே போகும். ஜூலை 1-க்குப் பிறகு வருகிறவர்களுக்கு எண்கள் மாறும். காலவரம்பு 468 என்பது 514 ஆகும். 65பி சான்றிதழ் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-க்குப் போகிறது. இருபது வருடம் மனப்பாடம் செய்த எண்கள். எங்கள் பாடுதான் திண்டாட்டம்.

குரோம்பேட்டைக்காரன்
4 ஆகஸ்ட் 2024, காலை 11:30

முடிந்தது.

ஜூலை 12 அன்று அறிக்கை வந்திருக்கிறது. வாகன எண்ணின் கடைசி இலக்கம் தவறுதலாகப் பதிவு செய்யப்பட்டது என்று ஒரே ஒரு வரி. நீதிபதி அம்மா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 258-இல் நடவடிக்கையை நிறுத்தி உத்தரவு போட்டுவிட்டார். வக்கீல் போன் செய்து சொன்னபோது மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை, வெளியே ஓடிவந்து கேட்டேன்.

ஆனால் தளத்தில் மட்டும் பெண்டிங் என்றே காட்டிக்கொண்டிருந்தது. கருப்புக் கோட்டு சார் சொன்ன ஆபீஸ் உயிர். நகல் மனு போட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, வக்கீலின் ஜூனியர் தம்பி டிராஃபிக் ஆபீஸில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். முந்தாநாள்தான் பெண்டிங் போனது.

கணக்கு கேட்பீர்கள். பஸ் 720. ஆட்டோ, டீ, டிபன் 390. வக்கீல் 2500. ஸ்டாம்பும் நகல் செலவும் 240. பிரின்ட் 60. மொத்தம் 3910. ஒரு நாள் லீவு தனி. மணி அண்ணா, சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் மணி
4 ஆகஸ்ட் 2024, காலை 11:52

சிரிக்கவில்லை தம்பி. நானாக இருந்தால் முதல் நாளே கட்டியிருப்பேன். அதுதான் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம். வீட்டில் என்ன சொன்னார்கள்?

குரோம்பேட்டைக்காரன்
4 ஆகஸ்ட் 2024, மதியம் 12:10

உத்தரவு நகலை பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறாள். கேட்டால் "இருக்கட்டும், 3910 ரூபாய் பேப்பர்" என்கிறாள்.

வெள்ளைச்சட்டை ரிட்டயர்டு
4 ஆகஸ்ட் 2024, மாலை 4:25

நல்லது தம்பி. அந்த ஒரு வரி அறிக்கையை எழுதியவருக்கும் அது சுலபமாக இருந்திருக்காது. சரி, அந்தப் பால்காரர் என்ன ஆனார்? 0-இல் முடியும் எண்ணுக்குப் புதுச் சலான் போட்டார்களா?

குரோம்பேட்டைக்காரன்
4 ஆகஸ்ட் 2024, மாலை 5:02

யாரும் என்னைக் கேட்கவில்லை ஐயா, நானும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருப்பார். எப்படியும் 468-படி ஆறு மாதம் மே மாதத்திலேயே தாண்டிவிட்டது இல்லையா, இனி அவர் மேல் கேஸ் போட முடியாது.

கருப்புக் கோட்டு
4 ஆகஸ்ட் 2024, மாலை 5:20

அடுத்த பிரிவையும் படியுங்கள். குற்றம் செய்தவர் யாரென்று தெரியாதபோது, தெரியவந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் ஓட ஆரம்பிக்கும் என்று அதில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அந்தப் போட்டோவை மட்டும் இங்கே ஏற்றிவிடாதீர்கள்.